பதிவு எண்ணுக்குப் பசிக்காது

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, கல்லூரியில் வைத்த பெயர் ஒன்று. கல்லூரியில் வைத்ததுதான் நிலைத்தது. மாத்திரை. ஆள் சின்ன உருவம், வாய் கசப்பு, அதனால் மாத்திரை. வீட்டுக்கு வந்த தோழிகள் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டான். அம்மா கொஞ்ச நாள் முகம் சுளித்தாள், பிறகு அவளும் வாய் தவறிக் கூப்பிட்டுப் பழகிவிட்டாள்.

மருந்தாளுநர் படிப்பை முடித்து, பயிற்சி முடித்து, மாநில மருந்தாளுநர் மன்றத்தில் பேரைப் பதிந்து, ஆறு இலக்கத்தில் ஒரு பதிவு எண் வாங்கியபோது மாத்திரைக்கு இருபத்துமூன்று வயது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இருபத்தாறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். ஆஸ்பத்திரி வேலைக்கு இரண்டு இடம், தேர்வெழுதியவர்கள் எண்ணூறு பேர். மருந்து கம்பெனிகள் இரண்டு வருட அனுபவம் கேட்டன. யாராவது முதலில் வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்? அதென்ன பாட்டிலில் அடைத்தா விற்கிறார்கள்? இதை அவள் ஒரு நேர்காணலில் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் கேட்டுவிட்டாள். அந்த வேலையும் கிடைக்கவில்லை.

கடைசியில் சேர்த்துக்கொண்டது, பேருந்து நிறுத்தம் தோறும் கிளை வைத்திருக்கும் ஒரு மருந்துக் கடை. வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். அம்மா அந்தக் கோட்டை முதல் நாள் மூன்று முறை இஸ்திரி போட்டாள். வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அம்மாவுக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் எல்லோரிடமும் அதே பேச்சுதான். "எம் பொண்ணு கையெழுத்து இல்லாம அந்தக் கடையில ஒரு மாத்திரை வெளியே போகாது, தெரியுமா?" அம்மா சொன்னது உண்மைதான். அது எவ்வளவு மோசமான உண்மை என்பதுதான் அம்மாவுக்குத் தெரியாது.

கடையில் மருந்து தெரிந்த ஆள் மாத்திரை ஒருத்திதான். சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இல்லாத நேரத்தில் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. கல்லாவுக்குப் பக்கத்துக் கணினியில் அவள் தன் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டுத் திறந்தால்தான் பட்டியலே விரியும். சீட்டை ஸ்கேன் செய்ததும் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். மூன்று நிமிடத்துக்குள் மருந்து கைமாறாவிட்டால் கடிகாரம் சிவப்பாகிவிடும். மாதக் கடைசியில் எத்தனை சிவப்பு என்று மேலிடம் கணக்குக் கேட்கும். மேலாளர் அந்தக் கணக்குக்கே பிறந்தவர். கடையில் அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். வைத்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

நான்கு வருடம் எதைப் படித்தாளோ அதற்கெல்லாம் அந்த மூன்று நிமிடத்தில் இடமே இல்லை. இந்த மாத்திரையோடு அது சேருமா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, கர்ப்பமா என்று ஒரு கேள்வி கேட்டாலே ஒரு நிமிடம் போய்விடும். பேச்சு எதற்கு, சத்துப்பொடி ஒன்று சேர்த்து விற்றாயா என்பதுதான் ஸ்டாப்வாட்சின் கவலை. "ஆலோசனை சொல்றதுக்கு டாக்டர் இருக்காரும்மா, நாம கொடுத்து அனுப்பினா போதும்" என்பார். மாத்திரைக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு டப்பா பொடியை எடுத்துப் பையில் போடுவாள்.

இதில் சாப்பாட்டு நேரம் ஒரு சிக்கல். அவளும் மனுஷிதானே, பகல் ஒரு மணிக்கு வயிறு கேட்கும். கணினியைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனால் இருபத்தைந்து நிமிடம் மருந்து நகராது, வரிசை வாசல் வரை போகும், எல்லாக் கடிகாரமும் சிவப்பாகும். சேர்ந்த முதல் வாரத்தில் அவள் பூட்டிவிட்டுத்தான் போனாள். ஸ்டாப்வாட்ச் பின்கட்டுக்கே வந்து நின்றார். அங்கே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தாள்.

"ஏம்மா, உனக்குத்தான் பசிக்கும். உன் நம்பருக்குமா பசிக்கும்? நீ பாட்டுக்குச் சாப்பிடு, அது பாட்டுக்கு அங்க திறந்திருக்கட்டும். எல்லாக் கிளையிலும் இப்படித்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் சிரித்துத் தொலைத்தாள். வேலை கிடைத்து ஆறாவது நாள், என்ன பேசுவாள்? அன்றிலிருந்து பதினொரு மாதம், ஒவ்வொரு பகலும் அவள் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவளுடைய எண் முன்னால் நின்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது. எண்ணுக்குக் கை வேண்டுமே, அந்தக் கை பில் போடும் அக்காவுடையது. பன்னிரண்டு வருடமாக அதே கடையில் இருப்பவள். எந்த மருந்து எந்தத் தட்டில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பாள், ஆனால் அது உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அன்று மாலை நான்கு மணிக்குக் கூட்டம் ஓய்ந்திருந்தது. தீர்ந்துபோன சரக்கைப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்த மாத்திரைக்குக் குழந்தைகள் தட்டில் ஒன்று இடித்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் காலையிலேயே தீர்ந்துவிட்டது, அவளே மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அதே மருந்தின் சொட்டு வகை, கைக்குழந்தைகளுக்கானது, ஐந்து இருந்த இடத்தில் நான்கு இருந்தது. அவள் சொட்டு மருந்து எதையும் விற்கவில்லை. கணினியில் தேடினாள். பகல் ஒன்று பன்னிரண்டுக்கு ஒன்று போயிருந்தது. ஸ்கேன் செய்த சீட்டைத் திறந்தாள். ஒரு வயதுக் குழந்தை, எடை ஒன்பது கிலோ. காய்ச்சல் சிரப், நான்கு மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை.

கொடுத்த பாட்டிலில் ஒட்டிய லேபிளின் நகல் கீழே இருந்தது. நான்கு மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவளுடைய ஆறு இலக்கம்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் சொட்டு மருந்து லேசானது என்றுதான் நினைப்பார்கள், பச்சைக் குழந்தைக்கு உள்ளதாயிற்றே. உண்மை தலைகீழ். பச்சைக் குழந்தை அதிகம் விழுங்காது என்பதால் மருந்தைச் சுண்டக் காய்ச்சிய மாதிரி கெட்டியாக வைத்திருப்பார்கள். சிரப்பில் ஐந்து மில்லியில் இருப்பது இதில் ஏறக்குறைய ஒரே மில்லியில் இருக்கும். நான்கு மில்லி கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல். ஒரு வேளை போனால் பிள்ளை தாங்கிவிடும். ஒரு நாள் முழுக்கப் போனால் ஈரல் தாங்காது. கணினி சும்மா இருக்கவில்லை, சிவப்பு எழுத்தில் எச்சரித்திருக்கிறது. எச்சரிக்கைக்குக் கீழே ஒரு பொத்தான், "மருந்தாளுநர் பார்த்துவிட்டார்" என்று. அது அழுத்தப்பட்டிருந்தது. மருந்தாளுநர் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது சாப்பாட்டு டப்பாவை.

"அக்கா, ஒன்னே காலுக்கு யாருக்கு இந்தச் சொட்டு மருந்தைக் கொடுத்தீங்க?"

"அந்தப் பொண்ணா? பாவம், மூணு கடை ஏறி இறங்கி வந்திருந்தா. குழந்தைக்கு நெருப்பாக் கொதிக்குதாம். சிரப் இல்லைன்னு எப்படி அனுப்புறது? இது இன்னும் சின்னக் குழந்தைக்கு உள்ளதாச்சே, லேசாத்தான் இருக்கும்னு எடுத்துக் கொடுத்தேன்." அக்கா மாத்திரையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "ஏன், என்னாச்சு? அதுல இருக்கிற சொட்டுக் குழாய் ஒரு மில்லிக்கு மேல பிடிக்காதுன்னு அளவு மூடிகூட நானே தனியா எடுத்துப் போட்டேனே."

நல்ல மனசு. அந்த நல்ல மனசு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் குழந்தை ஒரு மில்லியோடு தப்பித்திருக்கும். மாத்திரைக்கு அக்காவின் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது, அடுத்த நொடியே தன் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

பில்லில் இருந்த கைபேசி எண்ணைத் தன் போனில் அழுத்தினாள். மேசை மேல் இருந்த கடையின் போன் அலறியது. அக்கா பழக்க தோஷத்தில் எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றாள். இரண்டு பேரும் ஒருவர் குரலை ஒருவர் போனில் கேட்டபடி முழித்தார்கள். வாடிக்கையாளர் எண் போடாமல் கணினி நகராது, கேட்டு எழுத நேரம் ஆகும், கடிகாரம் ஓடும். அதனால் எல்லாருக்கும் கடையின் எண்ணையே போட்டு நகர்த்துவது வழக்கமாம். பன்னிரண்டு வருட வழக்கம். மாத்திரைக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஸ்டாப்வாட்ச் தன் அறையில் மாத அறிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் மூச்சு விடாமல் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பதறாத. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா இந்நேரம் வந்து நின்னிருப்பாங்க. வரலைன்னா ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம்."

"சார், அடுத்த வேளை கொடுத்துடுவாங்க. அப்புறம் அதுக்கு அடுத்தது. இது இன்னைக்கே வெளியே தெரியாது சார், ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஈரல்ல காட்டும்."

"சரி, போன் பண்ணி என்ன சொல்லுவ? தப்பா கொடுத்துட்டோம்னா? நாமளே போய்க் கழுத்தை நீட்டணுமா?"

"நம்பரே இல்ல சார். நான் அந்த டாக்டரோட கிளினிக்குக்குப் போறேன். அங்க அட்ரஸ் இருக்கும்."

"நீ போனா கடையில ஃபார்மசிஸ்ட் கிடையாது. தெரியுமில்ல? கடையை மூடணும்."

பதினொரு மாதமாக தினமும் ஒரு மணிக்கு ஃபார்மசிஸ்ட் இல்லாமல் ஓடிய கடைக்கு இப்போதுதான் சட்டம் நினைவுக்கு வந்திருக்கிறது! மாத்திரைக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"மூடுங்க" என்றாள். வெளியே வந்து தன் கணக்கை மூடினாள். கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நடையைக் கட்டினாள்.

கிளினிக் இரண்டு தெரு தள்ளி. வரவேற்பில் இருந்த பெண் தலை தூக்காமல் "டோக்கன்?" என்றாள். மாத்திரை கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மேசையில் போட்டு, மருந்து மாறிப் போய்விட்டது, முகவரி வேண்டும் என்றாள். மருந்து மாறியது என்ற வார்த்தைக்கு அந்தப் பெண்ணின் விரல்கள் பறந்தன. பதிவில் போன் எண் இல்லை, முகவரி இருந்தது. டாக்டர் உள்ளிருந்தே, பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல் என்று கத்தினார்.

குழந்தையின் வீடு நான்காவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்த பெண் அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள், தோளில் குழந்தை துவண்டு கிடந்தது. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, யாரோ வீட்டுக்கே வந்து பார்க்கிறார்களே என்று. அந்த நிம்மதியைத்தான் மாத்திரை தன் வாயால் கலைக்க வேண்டியிருந்தது.

"அக்கா, மத்தியானம் வாங்கின மருந்து எத்தனை தடவை கொடுத்தீங்க?"

"ரெண்டு தடவை. காய்ச்சல் இறங்கவே இல்லன்னு அரை மணி முன்னாடிதான் ரெண்டாவது கொடுத்தேன். ஒரு தடவை வாந்தி எடுத்தான். ஏன்?"

மாத்திரை சொன்னாள். பூசி மெழுகாமல் சொன்னாள். எவ்வளவு அதிகம், என்ன ஆகலாம், இப்போதே போனால் ஏன் பயமில்லை, எல்லாம். அந்தப் பெண் கடைசி வரை கேட்டாள். பிறகு மேசை மேல் இருந்த பாட்டிலை எடுத்து லேபிளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்த நம்பர் யாருது?"

"என்னுது."

"அப்ப நீங்கதான் கொடுத்தீங்க."

நான் அப்போது சாப்பிடப் போயிருந்தேன் என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பதில் எவ்வளவு அசிங்கமானது என்பது வாய்க்குள் வந்தபோதுதான் தெரிந்தது. என் எண்ணைத் திறந்து போட்டுவிட்டு, அது யாருக்கு எதைக் கொடுக்கிறது என்று பார்க்காமல், பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று எந்தத் தாயிடம் சொல்ல முடியும்?

"ஆமாம். என் பேர்லதான் போயிருக்கு. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

வழி முழுக்க அந்தப் பெண் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினாள். படிச்சீங்களா, காசு கொடுத்துப் பாஸ் பண்ணீங்களா, உங்க வீட்டுக் குழந்தைக்கு இப்படிக் கொடுப்பீங்களா. மாத்திரை ஒரு வார்த்தைக்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவசரப் பிரிவில் பாட்டிலைக் காட்டி, எடையைச் சொல்லி, எந்த நேரத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று அவள் கணக்குச் சொன்னபோது, பணியில் இருந்த டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். இரவு ஏழரைக்கு முடிவு வந்தது. அளவு எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் நாளைக் காலை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். "இன்னும் ரெண்டு வேளை உள்ள போயிருந்தா கதையே வேற" என்று சேர்த்துக்கொண்டார். குழந்தையின் தாய் அப்போதும் மாத்திரைக்கு நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் கூசியிருக்கும்.

மறுநாள் காலை ஸ்டாப்வாட்சின் மேசையில் இரண்டு தாள் தயாராக இருந்தன. தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டு. அக்கா சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"உட்காரும்மா. பிள்ளை நல்லா இருக்கு, விசாரிச்சுட்டேன். இப்ப நாம காகிதத்தை ஒழுங்கு பண்ணணும். மேலிடத்துல கேக்குறாங்க." முதல் தாளைத் தள்ளினார். "இதுல, நீயே கவனக்குறைவா மாத்திக் கொடுத்துட்டதா இருக்கு. மன்றத்துக்குப் போகும். உன் பதிவை நிறுத்தி வைப்பாங்க, ஆறு மாசமோ ஒரு வருஷமோ." இரண்டாவது தாளைத் தள்ளினார். "இதுல, உனக்குத் தெரியாம, உன் அனுமதி இல்லாம, இந்தம்மா உன் கணக்குல புகுந்து மருந்து கொடுத்துட்டதா இருக்கு. உனக்கு ஒரு கீறல் விழாது. நீ சின்னப் பொண்ணு, முன்னேற வேண்டியவ. எனக்கும் உன்னை இழக்க மனசில்ல."

அக்கா வாயைத் திறந்தாள். "ரெண்டாவதுலயே போட்டுடும்மா. நான்தானே கொடுத்தேன்."

"நீங்க வாயை மூடுங்கக்கா!"

மாத்திரை அந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடம் உழைத்தவளைத் தூக்கிப் பலி கொடுக்க ஒரு தாள், நேற்றுப் படித்து வந்தவளைப் பலி கொடுக்க ஒரு தாள். திறந்து வைக்கச் சொன்ன மனிதருக்கு மட்டும் தாளே இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தாள். எத்தனை முறை படித்தாலும் எதிலும் அவர் வரவில்லை.

"சார், எனக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுங்க."

"எதுக்கு?"

"நடந்ததை எழுதுறதுக்கு."

அவர் கொடுக்கவில்லை. அவளே அச்சு இயந்திரத்திலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு நின்றபடியே எழுதினாள். நான் பகல் ஒன்று ஐந்து முதல் ஒன்று முப்பது வரை பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் கணக்கு திறந்திருந்தது. திறந்து வைக்கச் சொன்னவர் மேலாளர். என் வேலையைச் செய்ய வைக்கப்பட்டவர் அதற்குப் படிக்காதவர், அவருக்கு வேறு வழி இல்லை. தவறு என்று தெரிந்தும் நான் ஒத்துக்கொண்டேன். ஒரு நாள் அல்ல, பதினொரு மாதம். இந்த நிறுவனத்தின் மற்றக் கிளைகளிலும் இப்படியே நடக்கிறது என்று மேலாளரே என்னிடம் சொன்னார், தயவுசெய்து விசாரிக்கவும். கீழே பதிவு எண்ணை எழுதினாள். பதினொரு மாதத்தில் அந்த எண்ணைத் தன் கையால் எழுதியது இதுதான் முதல் தடவை.

ஸ்டாப்வாட்ச் அதைப் படித்தபோது அவருடைய சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"இதை அனுப்பினா முதல்ல போறது உன் நம்பர்தான். அது புரியுதா உனக்கு?"

"புரியுது சார். என்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான். அதை நீங்க கால்மிதியா போட்டு வச்சிருந்தீங்க, நானும் விட்டேன். போறதா இருந்தா நான் எழுதிப் போகட்டும்."

"வெளியே உன்னை மாதிரி நூறு பேர் நிக்கிறாங்க."

"தெரியும். நானும் அங்கதானே நின்னுட்டு வந்தேன்."

அன்றே வேலை போயிற்று. கடிதத்தை மன்றத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை, ஓடவிட்டபடியே கேட்டாள், "பிள்ளைதான் நல்லாயிடுச்சே, அப்புறம் எதுக்கு எழுதின?" அண்ணன், "வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா மாத்திரை?" என்றான். அவர்கள் மீதும் கோபம் வந்தது. ஆனால் அவர்களுக்கு விளக்கத் தெம்பில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே உட்கார்ந்து அவள் அழுதது வேலைக்காகவும் இல்லை, எண்ணுக்காகவும் இல்லை. லேபிளை நீட்டி அந்தத் தாய் கேட்ட கேள்வி காதை விட்டுப் போகவில்லை.

மன்றத்திலிருந்து விசாரணைக்குத் தேதி வந்தது, அடுத்த மாதம். அது வரை எண் அவளுடையதுதான், அப்புறம் எப்படியோ. கடிதம் வந்த அன்று மாலை போன் அடித்தது. கல்லூரியில் கூடப் படித்தவள், வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள், முதல் பெஞ்சு என்று பெயர் எடுத்தவள். பாஸ் செய்தும் மருந்து வேலை கிடைக்காமல், ஒரு வருடமாக அழகுப் பொருள் விற்கும் கடையில் உதட்டுச் சாயம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை, கோவிச்சுக்காதடி. உன் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்குச் சேரணும்."

"என் இடத்துக்கா?"

"நான் இல்லேன்னா வேற ஒருத்தி வருவா. ஒரு வருஷமா லிப்ஸ்டிக் விக்கிறேன்டி. தங்கப் பதக்கம் வாங்கினவ, லிப்ஸ்டிக்!" முதல் பெஞ்சின் குரல் உடைந்தது. "அந்த மேனேஜர் எல்லாம் சொல்லிட்டார். சாப்பாட்டு நேரத்துல கணக்கைத் திறந்து வைக்கணுமாம். எல்லா இடத்துலயும் அப்படித்தானாம். நீ என்ன சொல்ற?"

அப்படியானால் ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்ததும், அவள் எழுதியதும், வேலை போனதும் ஒரு பொருட்டே இல்லை. அதே நாற்காலி, அதே பேச்சு, ஆறாவது நாள் கூட இல்லை, சேரும் முன்பே.

"நல்லா கேட்டுக்கோ. நீ சேரு. வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா நாளைக்கு ஒரு மணிக்கு நான் அந்தக் கடையில வந்து நிப்பேன். நீ பூட்டாம எழுந்து போனா, மன்றத்துக்கு அடுத்த கடிதத்துல உன் பேர்தான் இருக்கும். நான் எழுதுவேன்னு உனக்கே தெரியும்."

"நீ ஃப்ரெண்டாடி எனக்கு?"

"பாட்டில்ல உன் நம்பர் ஒட்டி நாலு மாடி ஏறிப் போய் ஒரு அம்மா முன்னாடி நின்னு பாரு. அப்புறம் கேளு."

போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஒன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மாத்திரை வரிசையில் நின்றாள். முன்னால் ஏழு பேர், பின்னால் நான்கு பேர். வாடிக்கையாளர் பக்கமிருந்து அந்தக் கடையை அவள் பார்ப்பது இதுதான் முதல் முறை. முதல் பெஞ்சு புதுக் கோட்டில் இருந்தாள், கோட்டில் மடிப்புக் கலையவில்லை. அவளை ஒரு முறை பார்த்தாள், பிறகு பார்க்கவே இல்லை. அக்கா மட்டும் பில் போடுவதை விட்டுவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்டாப்வாட்ச் தன் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு மணி ஆயிற்று. முதல் பெஞ்சு எழுந்தாள். நாற்காலியை உள்ளே தள்ளினாள். சாப்பாட்டுப் பையை எடுத்தாள், இரண்டடி நடந்தாள். கடிதத்தில் அவள் பேரை மாத்திரை எழுத வேண்டிவரும், எழுதவும் செய்வாள், அதற்குப் பிறகு இந்த ஊரில் அவளுக்கென்று ஒரு தோழி இருக்க மாட்டாள்.

முதல் பெஞ்சு திரும்பி வந்தாள். நின்றபடியே குனிந்து இரண்டு விசையை அழுத்தினாள். திரை இருண்டது.

"என்னம்மா பண்ற?" என்றார் ஸ்டாப்வாட்ச்.

"சாப்பிடப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டு அவள் பின்கட்டுக்குப் போனாள். ஸ்டாப்வாட்ச் அவள் பின்னாலேயே ஓடினார். அக்கா இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வரிசை நின்றது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒருவர் உச்சுக் கொட்டினார். மாத்திரைக்குப் பின்னால் குழந்தைகள் டாக்டர் சீட்டோடு நின்ற மனிதர் பொறுமையிழந்து அவள் தோள் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்னங்க அநியாயமா இருக்கு! ஒருத்தி சாப்பிடப் போனா கடையே நின்னுடுமா?"

மாத்திரை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க, நிக்கும்" என்றாள். "உங்க பிள்ளைக்குத்தானே மருந்து? நில்லுங்க."